அப்பாவுக்கு உடம்பு சரியில்ல

ஹலோ... ஆமா, தமாரிஸ்தான் பேசறேன்... யாரு, ஜகார்த்தா கம்பெனிப் பொண்ணா? இந்த வாரத்துல இது மூணாவது தடவை... ம்... ம்... சொல்லு.

அப்பாவா? அப்பாவுக்கு உடம்பு சரியில்ல... ஆமா, எட்டு மாசமா. உள் ரூம்லதான் படுத்திருக்கார். காலையில காப்பி வச்சேன், மத்தியானம் சோறு வைப்பேன்... சாப்பிடறாரான்னு நீ ஏன் தோண்டித் தோண்டிக் கேக்கற?

சரி, ஆமா. மூச்சு நின்னுபோச்சு. போன கிறிஸ்மஸுக்கே நின்னுபோச்சு... இரு, இரு. அந்த வார்த்தையைச் சொல்லாத. இது தொராஜா மலை. வழியனுப்புற சடங்குல எருமையை வெட்டிச் சாய்க்கிற வரைக்கும், மூச்சு நின்னவரை மருந்து ஏத்தி வீட்டுலயே வச்சிருப்போம்; அவருக்கு இங்க சீக்காளின்னுதான் பேரு. உங்க ஃபாரத்துல நான் பொய் எழுதல.

தெரியும், தெரியும்... அப்பாவே கையெழுத்துப் போட்டார். மூணு வருஷம் முன்னாடி கண்ணு ஆபரேஷனுக்கு ஜகார்த்தா வந்தவரை எங்க அண்ணன்தான் உங்ககிட்ட கூட்டிட்டு வந்தான். தலையில தொப்பி மாதிரி ஒண்ணை மாட்டி மனசை நகல் எடுத்துக்கிட்டீங்க. இப்போ 'செத்துட்டார்'னு நான் ஒரு வார்த்தை சொன்னா, அந்த நகலைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள எழுப்புவீங்க. அதானே?... பேச்சு பதிவாகுதா? அப்படிச் சொல்லு. அதான் குரல்ல இவ்வளவு தேன்.

ஒண்ணு கேக்கறேன். அடுத்த மாசம் எருமை சாஞ்சதும் அப்பா அது முதுகுல ஏறி ஆவிங்க ஊருக்குப் போகணும். அங்க எங்கம்மா பதினோரு வருஷமா காத்துக்கிட்டு இருக்கா. நீங்க இங்க எழுப்பிட்டா அங்க யார் போறது?... ரெண்டு பேரா? அதுல எவர் எங்கப்பா?... தெரியாதா. அதையாவது ஒத்துக்கிட்டியே.

அண்ணனுக்கு அப்பாவை விட மனசில்ல, வாஸ்தவம். எனக்கு மட்டும் இருக்கா?

என்ன... மாதிரிக்கு ஒரு நிமிஷம் அந்த நகலை என்கிட்ட பேச விடறியா? அதுக்கு மட்டும் என் வார்த்தை வேண்டாமா? நல்லா இருக்கே உங்க நியாயம்... வேண்டாம். வேண்டாம்னு சொல்றேன்ல...

...அப்பா?

குரலை யார் வேணா பிடிச்சு வைக்கலாம். என்னைச் சின்ன வயசுல சேத்துல தள்ளின எருமை பேரு சொல்லுங்க பாப்போம்... ம். சரிதான். அண்ணன் சொல்லிக் குடுத்திருப்பான்.

என்ன கேட்டீங்க?... காப்பியா? அதான் காலையிலயே வச்சேனே அப்பா. தலைமாட்டுல, சர்க்கரை போடாம... வரலியா?... நேத்து?... ஒரு நாள்கூடவா வரல?

அப்போ இத்தனை நாளா நான் யாருக்கு...

இருங்கப்பா, சூடா ஒண்ணு போடறேன். எங்க கொண்டாந்து வைக்கணும்? எங்க இருக்கீங்க?... அப்பா?...

...நீயா. நிமிஷம் முடிஞ்சுதா... ம்... ம்... கேக்குது. நான் அந்த ஒரு வார்த்தை சொன்னா அப்பா தொடர்ந்து பேசுவார், புரியுது... பதிவாகுதில்ல? எழுதிக்கோ. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. முன்னைக்கு இப்போ ரொம்பவே சரியில்ல.

எருமையா... அடுத்த மாசமா... அதை இப்போ கேக்காத. வச்சுடறேன்.