இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு

"மூடு! பானையை மூடு!"

கத்துவது நான். ஊரில் யுத்தம் நடந்த மாசி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்கால். தலைக்கு மேலே வேவு விமானம். நாங்கள் அதை வண்டு என்போம். ஒரே இரைச்சல். வெளியே மூன்று கல் அடுப்பில் மரவள்ளி அவிகிறது. ஆவி வெள்ளையாக எழும்புகிறது. வண்டுக்கு அது போதும்.

மச்சாள் மூடியைப் போடுகிறாள். என் அண்ணையின் மனைவி அவள். தூரத்தில் பீரங்கி எறிகணையைக் குத்துகிற சத்தம். குத்தியதிலிருந்து விழும்வரை பதினொன்று எண்ணலாம். "உள்ளுக்கை ஓடு!" என்று அண்ணை கத்துகிறார். எண்ணிக்கொண்டே ஓடினேன். பதினொன்றில் விழுந்தது. பதுங்குகுழிக்குள் ஏழு பேர். அப்பா, அம்மா, என்னுடைய மனுசன், அண்ணை, மச்சாள், அவர்களின் மகள் யாழினி, நான். யாழினிக்கு ஆறு வயது. முதல்நாள் முழுக்க மரவள்ளி, மரவள்ளி என்று அழுதது. யாரோ கைவிட்டுப்போன தோட்டத்தில் அண்ணை பிடுங்கி வந்தார்.

மரவள்ளியை மூடி அவிப்பதில்லை. அதன் நஞ்சு ஆவியோடு போகவேண்டும். முதல் தண்ணீரைக் கொட்டவேண்டும். எங்கள் பக்கத்தில் இது தெரியாத பெண் கிடையாது. எனக்கும் தெரியும். கொட்ட எங்கே தண்ணீர்? அரை மணி நேரம் எறிகணை. வெளியே வந்தபோது பானை மூடியபடி வெந்திருந்தது. பெரியவர்கள் ஆளுக்கொரு துண்டு. மிச்சம் முழுக்கப் பிள்ளைக்கு. கொஞ்சம் கைக்கிறது மாமி என்றது. தின்னடி குஞ்சு என்றேன். தின்றது.

எட்டு மணிக்குப் பிள்ளைக்குச் சத்தி, வாந்தி மேல் வாந்தி. நான் மல்லித்தண்ணி வைத்துக் கொடுத்தேன். பத்து நாற்பதுக்கு மூச்சு நின்றது.

மல்லித்தண்ணி என்றால் எங்கள் வீட்டில் இஞ்சி தட்டிப் போடுவோம். மரவள்ளி தின்ற வயிற்றுக்கு இஞ்சி ஆகாது, ஆளைக் கொல்லும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அதை நம்பாத யாழ்ப்பாணத்தாளை நான் இன்னும் காணவில்லை.

"இஞ்சி போட்டனியோ? மரவள்ளி திண்ட பிள்ளைக்கு இஞ்சி குடுத்தனியோடி?"

மச்சாளின் கத்தல். வாயைத் திறந்தேன். அடுத்த எறிகணை குத்தியது. ஓடினோம்.

நான் இஞ்சி போடவில்லை. இஞ்சிக்கு எங்கே போவேன்? உப்புக்கே வழியில்லாத இடம். துணி மூலையில் முடிந்து வைத்த கொஞ்ச மல்லி, அவ்வளவுதான். இதைத்தான் சாட்சியாக எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் இதைக் கதை என்று நினைத்துத் தொலைக்காதீர்கள்.

இப்போது பாரிஸ். தமிழ்க் கடைத்தெரு லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையலுக்கு நிற்கிறேன். அண்ணையும் மச்சாளும் புறநகர் சார்செல்லில். ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரப் பயணம். நான் போனதில்லை. சார்செல்லில் யாரைக் கேட்டாலும் என்னைத் தெரியும். சொந்த மருமகளை இஞ்சி கொடுத்துக் கொன்றவள். கோயிலில் கண்டால் மச்சாள் காறித் துப்புவாள். நானும் சும்மா விடவில்லை. அவளுக்குக் கேட்க, "விசரி" என்பேன். அப்படியே வருடங்கள் போயின. உண்மையைச் சொல்ல நாக்கு துடிக்கும். இஞ்சி இல்லை என்றால் அடுத்த கேள்வி என்ன? பானை. பானையை மூடியது யார்? அவள். மூடச்சொல்லிக் கத்தியது யார்? பிறகு நான் வாயைப் பொத்திக்கொள்வேன்.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அந்தப் பகுதிச் சனம் பங்குபோட்டுச் செய்கிற தோட்டம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் ஒரு பாத்தி. பக்கத்துப் பாத்திப் பிரெஞ்சுக்காரர் ஒரு பை கிழங்கு தந்தார். தொப்பினம்பூர் என்றார். அவருடைய தாய் தங்கள் யுத்தத்தில் இதை மட்டும் தின்று கிடந்தாவாம். அதனால் வீட்டில் ஒருத்தரும் வாயில் வைப்பதில்லையாம். தந்துவிட்டுக் கையைத் துடைத்தார். நான் பங்குனியில் நட்டேன். என்ன திமிர் அந்தச் செடிக்கு! ஆளை மூடி வளர்ந்தது. சூரியகாந்தியின் தங்கச்சி மாதிரி மஞ்சள் பூ. மண் உறையத் தொடங்கியதும் தண்டு கருகிச் செத்தது. அதற்குப் பிறகுதான் கிழங்கு இனிக்கும். தேவைக்குத் தோண்டலாம். மிச்சம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். ஒரு துண்டு தவறினாலும் அடுத்த வருடம் முளைக்கும். அடியோடு பிடுங்கு என்று தோட்டத்துக் கூட்டத்தில் இரண்டு தடவை என்னைத் திட்டினார்கள். திட்டட்டும். நான் பிடுங்கவில்லை. கிழங்கைத் தின்றால் வயிறு ஊதும். காற்றுப் பிரியும். ஆள் சாகாது. எனக்கு அது போதும்.

போன மாசியில் அண்ணை தொலைபேசி எடுத்தார். எங்களுக்குள் அப்படி ஒரு வழக்கமே இல்லை.

"திவசத்துக்கு வா. அவளாலை எழும்பிச் சமைக்கேலாது. வருத்தம் முத்திப் போச்சு, டொக்டரும் கைவிட்டிட்டார்."

"அவ விடுவாவோ?"

"ஓம். சொல்லிப்போட்டன். வா."

பிள்ளையின் திவசத்துக்கு மரவள்ளிதான் படைப்பார்கள். அது கேட்டு அழுதது என்று. அந்த வீட்டில் ஒரு துண்டு இஞ்சி கிடையாது. அன்றிலிருந்து கிடையாது. நான் லாச்சப்பலில் மரவள்ளி வாங்கினேன். காலையில் தோட்டத்துக்குப் போய் முள்ளு மண்வெட்டியால் தொப்பினம்பூரும் தோண்டினேன். வெறுங்கையோடு போகக்கூடாது. என் கையால் விளைந்த ஒன்று பிள்ளையின் இலையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அது முண்டும் முடிச்சுமாக, மண்ணிறத் தோலோடு, அச்சு அசலாக எதைப்போல இருக்கிறது என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை? மூளையை எங்கே அடகு வைத்தேனோ!

சார்செல். ஏழாம் மாடி. மரவள்ளி அடுப்பில் கொதிக்கிறது. மூடாமல். பக்கத்துப் பலகையில் தொப்பினம்பூர் கழுவி வைத்திருக்கிறேன். தேங்காய்ப்பால் விட்டு இரண்டையும் ஒன்றாய் வைக்கிற யோசனை. மச்சாள் சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிறாள். எலும்பும் தோலும். பலகையைப் பார்க்கிறாள்.

"தொடாதை! இஞ்சி!"

அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல். பலகையைத் தட்டினாள். கிழங்குகள் நிலத்தில் உருண்டன.

"திருப்பியும் கொண்டந்திட்டாய் என்ன? படைக்கிற சோத்திலையும் போடப் பாக்கிறியோ? கொலைகாரி!"

அண்ணை வாசலில் நிற்கிறார். வாயைத் திறக்கவில்லை. எப்போதும் திறந்ததில்லை. எனக்குக் கொதித்தது. இத்தனை வருடமும் ஒன்றாய்க் கொதித்தது. ஒரு கிழங்கைப் பொறுக்கினேன். இரண்டாக உடைத்தேன். அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"மணந்து பார்! நல்லா மணந்து பார்! என்ன மணக்குது?"

மணந்தாள். உள்ளே வெள்ளை. நார் இல்லை. காரமில்லை. மண்வாசம்.

"இஞ்சி இல்லை," என்றாள்.

"இல்லை. இஞ்சத்தைக் கிழங்கு, பிரெஞ்சுக்காரற்றை. நான் நட்டது."

கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கோபம் இறங்கிவிட்டது. அது இறங்கியதுதான் எனக்குப் பயம்.

"அப்ப அண்டைக்கு?"

உருண்ட மற்றக் கிழங்குகளைப் பொறுக்கக் குனிந்தேன்.

"அங்கை இஞ்சி எங்காலை எடுத்தனி? உப்பே இல்லையே. எனக்கு இப்பதான் யோசினை வருது. எங்காலை எடுத்தனி?"

அவளுடைய கண் அடுப்புக்குப் போனது. திறந்த பானை. ஆவி. பக்கத்தில் கவிழ்த்து வைத்த மூடி. அந்த மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நெற்றி சுருங்குகிறது. இன்னும் ஒரு கணம். அவ்வளவுதான் இருந்தது, அவளுக்கு விளங்க.

இத்தனை காலம் நான் காத்திருந்த கணம். சொல்லடி என்றது மனம். நீ இஞ்சி போடவில்லை என்று சொல்லடி. ஆனால் அவளுக்கு மிஞ்சி இருந்தது சில கிழமைகள். அவள் அந்த மூடியோடு சாகவேண்டுமா? அதை மூடச்சொன்னவள் நான்.

"இஞ்சிதான் மச்சாள்," என்றேன். "அப்பான்ரை பையுக்கை ஒரு துண்டு கிடந்தது. நான்தான் தட்டிப் போட்டனான்."

அடித்தாள். கன்னத்தில். பலமில்லாத அடி. பிறகு திட்டினாள். என் தாயை, தகப்பனை, என் வயிற்றை, எல்லாவற்றையும் திட்டினாள். திட்டத் திட்ட அவளுக்கு மூச்சு சீராக வந்தது. கடைசியில் கதிரையில் இருந்துகொண்டு, அந்தக் கிழங்கையும் போடு, பிள்ளை இனிப்பெண்டால் திண்ணும் என்றாள்.

போட்டேன். படைத்தோம். மூவரும் சாப்பிட்டோம். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

சித்திரையில் மச்சாள் போய்விட்டாள். அதனால் எழுதுகிறேன். அண்ணை இதை வாசிப்பார். வாசியுங்கோ அண்ணை. அண்டைக்குப் பானையை மூடேக்கை நீங்களும் பக்கத்திலைதான் நிண்டனீங்கள்.

கணக்கு இது. குழிக்குள் இறங்கியவர்கள் ஏழு. அதற்குப் பிறகு எறிகணையில் போனவர்கள் மூன்று: அப்பா, அம்மா, என்னுடைய மனுசன். மூடிய பானையில் போனது ஒன்று: யாழினி, வயது ஆறு. நோயில் போனது ஒன்று: மச்சாள். அவள் என்னைக் கொலைகாரி என்று நம்பியே போனாள். மிச்சம் இரண்டு பேர். இஞ்சி, ஒரு துண்டுகூட இல்லை.