நாப்பத்திரெண்டு நிமிசம்

— படிச்சுப் பாத்தும் கையெழுத்துப் போட மாட்டேன்னா என்ன அர்த்தம், பானு?

— பொய் எழுதியிருக்குன்னு அர்த்தம், அண்ணாச்சி.

— எந்த வரி? காட்டு.

— மூணாவது வரி. ‘மருந்துக் கலவை ரூம்ல சூடு கூடுனதும் போர்மேன் ராஜபாண்டியன் போனுக்கு அலாரம் போச்சு, அவரு கண்டுக்கல’ன்னு போட்டிருக்கீக. அலாரம் போகல.

— போகலன்னு நீ எப்படிச் சொல்ற?

— சம்பளம் குடுத்து என்னைய அதுக்குத்தேன வச்சிருக்கீக? காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இந்த ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். எந்த ஆப் ஓடுது, எது தெணறுது, சர்வர் எம்புட்டு பாரம் தாங்குதுன்னு நிமிசத்துக்கு நிமிசம் பதியுது. செவ்வாக்கெழம பதினொண்ணு பத்துல இருந்து பதினொண்ணு அம்பத்திரெண்டு வரைக்கும் அந்த ரூம் சூட்டப் பாக்குற ஆப் ஓடவே இல்ல. இங்கன பாருங்க, கோடு அத்துக் கெடக்கு. ரூம் வெடிச்சது பதினொண்ணே முக்காலுக்கு.

— சரி, ஆப் ஓடல. அந்த ஆப் வர்றதுக்கு முன்னாடி போர்மேன் என்ன செஞ்சாரு? சுவத்துல தொங்குன தெர்மாமீட்டரப் பாத்தாரா இல்லையா? அத இப்பவும் பாத்திருக்கலாம்ல?

— அதத்தேன் கழட்டிட்டீகளே. ‘இனி ரூம் ரூமா நடக்க வேண்டாம், போன்ல மணி அடிக்கும், அப்ப ஆளுகள வெளியேத்துனாப் போதும்’னு நீகதேன் மீட்டிங்கு போட்டுச் சொன்னீக. எல்லாருக்கும் லட்டு குடுத்தீக. நானும் தின்னேன்.

— இந்தா பாரு பானும்மா. நாலு மணிக்கு விசாரணைக்கு அதிகாரிக வாராக. நூத்தியெம்பது பேரு வேல பாக்குற பட்டாசுக் கம்பெனி. கம்பெனி மேல தப்புன்னு எழுதிட்டா லைசென்சு போயிரும். தீபாவளிக்கு முழுசா ஒரு மாசம் இல்ல. அம்புட்டுப் பேரும் தெருவுல நிக்கணும். ஒங்க ஆமத்தூர்ல இருந்து மட்டும் ரெண்டு வண்டி ஆளு வருது. ஒருத்தர் மேல கேசு போனா மிச்சப் பேரு பொழைப்பாக. சும்மா சொல்லல, யோசிச்சுப் பாரு.

— ரெண்டு நாளா ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காகளே, அந்த ஒருத்தர். அவரு வீட்டுல யாரு பொழைக்கிறது?

— நான் பாத்துக்கிறேன்.

— அந்த வெடியில கை வெந்த வேலுத்தாயையும் பாத்துக்கிறேன்னுதேன் சொன்னீக. நேத்து மதுரை ஆசுபத்திரிக்குப் போனேன். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கட்டு. அவ மக டம்ளரப் பிடிச்சுக்கிட, உறிஞ்சு குழல் வச்சுத் தண்ணி குடிக்கிறா. கம்பெனி ஆளுக ஒருத்தரும் அங்கன இல்ல.

— அனுப்புறேன். என் தங்கச்சி ஹர்ஷினியவே அனுப்புறேன், போதுமா? எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. ராஜபாண்டியன் மேல ஒனக்கு என்ன இம்புட்டுப் பாசம்? ஒங்கம்மா சோலையம்மாள, பத்து நிமிசம் பிந்தி வந்துச்சுன்னு வேலையில இருந்து நிறுத்துனவரு அவருதான?

— ஏழு நிமிசம்.

— சும்மா சொல்லல, அப்ப மொதலாளியா இருந்த எங்கப்பாவே வருத்தப்பட்டாரு.

— வருத்தப்பட்டாக. திரும்பச் சேக்கல. ராஜபாண்டியனப் பாத்தா எனக்கு இப்பவும் ஆகாது அண்ணாச்சி. எதுத்தாப்புல வந்தா நான் வேற பக்கம் போயிருவேன். அவரு நல்லவருன்னு நான் சொல்லல. அலாரம் போகலன்னுதேன் சொல்றேன்.

— நீ கெட்டிக்காரி. அதுக்குத்தான் ஒன்னைய எடுத்தோம். செவ்வாக்கெழம காலையிலயே பாத்தேனே. வெளியூர் ஏஜென்ட்டுக ஆர்டர் போடுற வெப்சைட்டு படுத்துருச்சு. இந்தூரு, நாக்பூரு, அங்கன இங்கனன்னு போன் மேல போன். ஒனக்கு மூணு தடவ போட்டேன். பத்து நிமிசத்துல ஓட வச்ச. அன்னைக்கு மட்டும் எழுபது லோடுக்கு ஆர்டர். அப்பேர்ப்பட்ட ஆள நான் விடுவேனா? இனி சர்வர் ரூம் முழுசும் ஒன் பொறுப்பு. நீ கேட்ட ரெண்டாவது சர்வரும் வந்துரும்.

— அத மார்ச்சு மாசத்துல கேட்டேன். வெப்சைட்டும் சூடு பாக்குற ஆப்பும் ஒரே சர்வர்ல ஓடக் கூடாது, சீசன் வந்தா ரெண்டுக்கும் எடம் பத்தாதுன்னு நாலு மெயில் போட்டேன். மொத மெயிலுக்கு ‘பாக்கலாம்’னு ஒரு வார்த்த வந்துச்சு. அடுத்த மூணுக்கு அதுவும் இல்ல.

— தப்புத்தான், ஒத்துக்கிறேன். இப்ப இந்தப் பதிவ அழிச்சிரு.

— அழிக்க முடியும். அழிக்க மாட்டேன்.

— நீ இல்லாட்டி வேற ஆள் இல்லையா? கம்ப்யூட்டர் தெரிஞ்ச மகேஷ்குமாரக் கூப்பிட்டா அஞ்சு நிமிசத்துல அழிச்சிட்டுப் போறான்.

— கூப்பிடுங்க. நேத்து மதுரையில இருந்து வர்ற வழியில அந்த அதிகாரிக ஆபீசுல எறங்கி, நகல் குடுத்துட்டேன். வாங்குனதுக்கு சீட்டும் குடுத்திருக்காக.

— எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமயா?

— கேட்டிருந்தா விட்டிருப்பீகளா?

— திருத்தங்கல்ல இருந்து சிவகாசி வரைக்கும் ஒரு கம்பெனியில ஒன்னைய வாசப்படி ஏத்த மாட்டாக. நான் ஒரு வார்த்த சொன்னாப் போதும். தெரியும்ல?

— சொல்லுங்க. காரியாபட்டில எங்க மாமா, பருத்தி எடுக்க ஆளு கெடைக்கலன்னு சொல்லிக்கிட்டுத்தேன் இருக்காரு.

— எங்க போற? உக்காரு.

— நின்னுக்கிறேன்.

— கோவத்துல சொல்லிட்டேன், விடு. நானும் மூணு நாளாத் தூங்கல. நீ செயிச்சன்னே வச்சுக்குவோம். இந்தா, மூணாவது வரிய ஒன் கண்ணு முன்னாடியே அடிச்சாச்சு. ராஜபாண்டியன் மேல தப்பு இல்ல. பதிலுக்கு இப்படி எழுதுறேன்: ‘வெப்சைட்டுல கூட்டம் தாங்காம, சூடு பாக்குற ஆப் தானா நின்னு போச்சு.’ மெஷின் பழுதாகுறது எங்கயும் நடக்குறதுதான். மெஷினப் பிடிச்சு யாரும் ஜெயில்ல வைக்க மாட்டாக. ராஜபாண்டியன் பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுக்கு வந்திருவாரு. கம்பெனிக்கு ஒரு அபராதத்தோட போகும். ஆளுகளுக்கு வேல இருக்கும், ஒனக்கும் வேல இருக்கும். இப்பவாச்சும் போடு.

— போட மாட்டேன்.

— என்ன பானு இது? நீ கேட்டது அம்புட்டும் ஆச்சுல்ல? போர்மேன விட்டாச்சு. பெறகும் ஒத்தக் கால்ல நின்னா, என்னைய உள்ள தள்ளணும்னுதான நிக்கிற?

— ஒங்களுக்கு உள்ளது ஒங்களுக்கு வரும். அத அவுக பாத்துக்குவாக. நான் அதுக்கு நிக்கல.

— வேற எதுக்குத்தான் நிக்கிற? இந்தக் காயிதத்துல இப்ப என்ன பொய் இருக்கு? சொல்லு.

— ஆப் தானா நிக்கல, அண்ணாச்சி. மூணாவது தடவ போன் போட்டு ‘எப்படியாச்சும் ஓட வை’ன்னீகள்ல, அப்ப வெப்சைட்டுக்கு எடம் வேணும்னு சூடு பாக்குற ஆப்ப நிறுத்துனது நாந்தேன். அதையும் என் பேரு போட்டு எழுதிக் குடுத்துட்டுத்தேன் வந்திருக்கேன்.