நாங்க வேற, நாம வேற

கதவத் தட்டாதீங்க மாமா. உள்ள டிவி ஓடறது கேக்குதுல்லங்க? அந்தப் பாகம் முடியட்டும். பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரை சனம் கீழ காத்துட்டு இருக்குதுன்னு எனக்கும் தெரியும். காப்பி குடுத்தாச்சல்ல, குடிக்கட்டும். மணி என்னங்க? மூணரையா? சரி, அந்தச் சேர்ல உக்காருங்க.

ஆமாங்க, நான் தமிழ்ல வசனம் எழுதிக் குடுத்த சீரியல்தான். பொம்மைப் படத்துக்குக் கதை எழுதறாள்னு கோவிந்தாபுரம் பூராவும் சொல்லிச் சிரிச்சீங்களே, அதேதான்.

கதைங்களா? வேற கெரகத்துல இருந்து ஒரு கூட்டம் வருது. ஆயிரம் ஒடம்பு, புத்தி ஒண்ணு. ஒரு தலை ஆடுனா அத்தன தலையும் ஆடும். சிரிக்காதீங்க, உங்க தம்பி கீழ அப்படித்தான் உக்காந்திருக்கறாரு. கூட்டம் ஆளாளாப் புடிச்சு உள்ள சேத்துக்குது. ஒரே ஒரு புள்ள மட்டும் மாட்டேங்கறா.

அந்தக் கூட்டத்துக்கு நான்னு ஒரு வார்த்தையே இல்லீங்க. இங்கிலீசுல வீ, வீன்னு பேசிப்போட்டுப் போயிருது. தமிழ்ல எழுதறவளுக்குத்தான் சிக்கல். நாங்கன்னு எழுதறதா, நாமன்னு எழுதறதா?

ரெண்டும் ஒண்ணாவா? அதெப்படிங்க? நாங்கன்னா கேக்கறவ வெளிய. நாமன்னா கேக்கறவளும் உள்ள. கொல்லங்கோட்டுல மலையாளத்துக்காரங்களக் கேட்டுப் பாருங்க, ஞங்ஙள் வேற, நம்மள் வேறம்பாங்க.

பதினோரு பாகம் நாங்கன்னே எழுதுனேன். நாங்க வந்துட்டோம், நாங்க தீர்மானிச்சுட்டோம். பன்னெண்டாவதுலதான் அந்தப் புள்ள இல்லாட்டி கூட்டமே செத்துரும்னு ஆகுது. உடனே கொரல் கொழையுது. அங்க மாத்துனேன். நாம போலாம் வா கண்ணுங்குது. எதுக்கு மாத்துனீங்கன்னு கம்பெனில கேட்டாங்க. எங்க ஊட்ல கத்துக்கிட்டதுங்கன்னு சொல்லிட்டேன்.

கோவப்படாதீங்க, பிரசர் ஏறிக்கும். உள்ளதத்தானே சொல்றேன். உங்களக் கட்டிக்கிட்டு நான் இந்த ஊட்டுக்கு வந்து இருவத்தி நாலு வருசம் ஆச்சு. என் தமிழ் டீச்சர் வேலைய விடச் சொன்னது யாருங்க? நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம் நர்மதான்னீங்க. எம் புள்ள செல்வப்பிரியாவுக்கு ஐதராபாத்துல வேல கெடச்சப்ப, அனுப்பறதில்லன்னு முடிவு பண்ணுனதும் அந்த நாங்கதான். மாப்பிள்ளையப் பாத்ததும் நாங்க. எங்கிட்ட வந்து கேக்கவே இல்ல, வந்து சொன்னீங்க.

போன வெள்ளிக்கெழம புள்ள சோறு திங்காம கெடந்தப்ப மட்டும் எப்படி வந்தீங்க? நர்மதா, நாம சொன்னாத்தான் கேப்பா, நாமதான் எடுத்துச் சொல்லோணும்னீங்க. இருவத்தி நாலு வருசத்துல மொத நாம. அந்த ஒரு வார்த்தைலயே எனக்குப் புரிஞ்சுபோச்சுங்க. நான் இல்லாம இது நடக்காதுன்னு நீங்களே வந்து சொல்லிட்டீங்கன்னு.

சொன்னேங்க. எடுத்துத்தான் சொன்னேன். நல்லாக் கேட்டுக்கிட்டா.

மணி இப்ப என்னங்க? மூணு அம்பதா? அப்பச் சரி. தட்டக்கூட வேண்டாம், தாழ் போடலீங்க. தள்ளுங்க.

என்ன மாமா, கட்டிலுக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பாக்கறீங்க? உள்ள இருக்கறாள்னு நான் எப்பங்க சொன்னேன்? டிவி ஓடுதுன்னுதான் சொன்னேன். பதினோரு மணிக்குக் கோயிலுக்குன்னு ரெண்டு பேரும் போனோமே, திரும்பி வந்தது நான் மட்டுந்தான். அவளப் பொள்ளாச்சி பஸ்ல ஏத்தித் தாட்டி உட்டுட்டு, செக்போஸ்ட்டத் தாண்டற வரைக்கும் நின்னு பாத்துட்டு வந்தேன். கோயமுத்தூர்ல மூணே முக்காலுக்கு ஐதராபாத்து ரயிலு. உங்க மச்சினன் தங்கதுரை ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல கடை வெச்சிருக்கறாரு. நீங்க ஒரு போன் போட்டிருந்தாப் போதும், கையப் புடிச்சு எறக்கியிருப்பாரு. இல்லாட்டி உங்களுக்கு உக்கார வெச்சு இலக்கணம் சொல்லிக் குடுக்கறதுக்கு எனக்கு என்னங்க தலையெழுத்து?

கீழ போய் என்ன சொல்றதா? உங்களுக்குத் தெரியாத வசனமா? நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்னு நர்மதா சொன்னாள்னு சொல்லுங்க. நாங்கன்னா நானும் எம் புள்ளையும்.

அதுல நீங்க இல்லீங்க மாமா.