நூல் மாறிய பல்லு

நீங்க பேசாதீங்க சார், பல்லப் புடுங்கிட்டு பஞ்சக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பேசுனா ரத்தம் வரும். உங்களுக்கு ரத்தத்த நிறுத்துற அதே டாக்டரம்மாதான், உள்ள எங்க புள்ளைக்கு வராத ரத்தத்த வரவழைக்கிறேன்னு குத்திக்கிட்டு நிக்குது! கேட்டிருக்கீங்களா இப்புடி ஒரு வைத்தியத்த?

எங்கண்ணன் மவ இளவேனிலு. எட்டு வயசு. முன்பல்லு செத்துப்போச்சாம். செத்தா புடுங்கிப் போட வேண்டியதுதானே? மாட்டாங்களாம்! இது விழுந்து மொளைக்கிற பால்பல்லு இல்லியாம், கெழவியானாலும் இதுதானாம். ஆனா வேரு பாதிதான் வளந்திருக்காம், அடியில தொறந்து கெடக்காம். போன மாசம் உள்ள கழுவி மருந்து வச்சு மூடுனாங்க. இன்னைக்கு அத எடுத்துட்டு, வேருக்கடியில குத்தி, ரத்தத்த பல்லுக்குள்ள ஏத்தி உறைய வைப்பாங்களாம். அதப் புடிச்சிக்கிட்டு மிச்ச வேரு வளருமாம். நாத்தங்காலா இது, தண்ணி வச்சா வேர் புடிக்க?

எதிர்வீட்டு ஷர்லோத்தம்மா, "பிரான்சுலயும் இப்புடித்தான் செய்வாங்க"ங்குது. அதுக்கென்ன, பிரான்சுன்னா வேப்பெண்ணெயும் இனிக்கும். அந்த ஊரு சர்க்காரு பென்சன் வருதுல்ல!

எங்கண்ணி தாமரைச்செல்வி உள்ள நிக்குது. என்னைய மட்டும் வெளிய உக்காரச் சொல்லிடுச்சு. சனிக்கிழமைங்க! திருநள்ளாத்துல எள்ளுவெளக்குக் கடைய மூடிட்டு ஓடியாந்திருக்கேன், ஒரு மரியாதை வேணாம்?

ஏன் வெளியன்னு பாக்குறீங்களா? அது... எங்க தெருவுல எந்தப் புள்ளைக்குப் பல்லு ஆடுனாலும் எங்கிட்டதான் கூட்டியாருவாங்க. நூல ஒரு முனை பல்லுல, ஒரு முனை கதவுல, டப்புன்னு சாத்துனா முடிஞ்சுது. இவளுக்கும் ஆடுச்சு, கட்டுனேன். தலைய ஆட்டிக்கிட்டே இருந்தா நூலு பக்கத்துப் பல்லுல மாட்டாம என்ன பண்ணும்? சாத்துனேன். பல்லு வரல, புள்ளதான் கதவோட வந்துச்சு. ஆடுன பல்லு பாட்டுக்கு ஆடிக்கிட்டு நிக்குது!

அப்புடிப் பாக்காதீங்க சார். ரெண்டும் வெள்ளையாத்தானே இருக்கு! சிரிச்சிக்கிட்டுதான் திரிஞ்சா. அப்பறந்தான் ஈறு வீங்கி சீழ் வச்சுது... எந்திரிக்காதீங்க, பஞ்சு விழுந்துடப் போவுது.

என்ன சிஸ்டர், ஆயிடுச்சா? ரத்தம் வரலியா? ஏன் வரல? இன்னொருக்கா குத்திப் பாக்கச் சொல்லுங்க சிஸ்டர்... மெதுவா. அழுவுறாளா? வந்தாத்தானே வேரு வளரும்? டாக்டரம்மாகிட்ட கேளுங்களேன், எங்கிட்டேருந்து எடுத்து ஊத்தலாமான்னு. கூடப் பொறந்தவன் புள்ள, ஒரே ரத்தந்தான்... கேளுங்க சிஸ்டர்.