பதினொன்றாம் அறையில் எழுபத்திரண்டு

என் மச்சான் மூன்றாம் மாடியிலிருந்து படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வந்தபோது, நான் சர்வர் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். யாராவது அவசரமாக வந்தால் கதவைப் பிடிப்பது என் பழக்கம். லிஃப்டிலும் அப்படித்தான். இந்த ஆஸ்பத்திரியில் என்னைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பகல் பதினொன்று இருபது. அவனுக்கு மூச்சு வாங்கியது.

“அத்தான், நாலாம் நம்பர் பெட் ஆளு வயரெல்லாம் கழட்டிப் போட்டுட்டு பாத்ரூம்ல உட்கார்ந்திருக்காரு. சிஸ்டர் மேஜை ஸ்கிரீன்ல பார்த்தா நாடி எண்பதுன்னு ஓடுது.”

“பாத்ரூம்லயும் நாடி ஓடத்தானே செய்யும்,” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “விளையாடாதீங்க. எல்லா பெட்டும் இப்படியா, நாலு மட்டுமா?”

நான் திரையைப் பார்த்தேன். “நாலு மட்டும்தான். அந்த பெட் மானிட்டர் மக்கர் பண்ணும். மாத்திடு.”

“பதினொண்ணாம் ரூம்?”

“எழுபத்திரண்டு.”

அவன் முகம் இளகியது. மாற்று மானிட்டர் எடுக்க ஸ்டோர் ரூமுக்கு ஓடினான். அப்போதும் கதவைப் பிடித்தேன்.

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையின் வரைவைக் கொடுத்து, தொழில்நுட்பப் பகுதியைச் சரிபார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். இரண்டு தவறுகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

முதல் தவறு, ‘நினைவகப் பற்றாக்குறையால் சர்வர் செயலிழந்தது’ என்பது. பற்றாக்குறை எதுவும் இல்லை. அறுபத்து நான்கு ஜிபி போட்டிருந்தோம். விழுந்த நேரத்தில் அதில் ஐம்பதுக்கு மேல் சும்மா கிடந்தது.

இருதய வார்டில் இருபத்து நான்கு படுக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மானிட்டர். நாடி தடுமாறினால் அந்தத் தகவல் சர்வருக்கு வரும், சர்வர் சிஸ்டர் மேஜையில் மணி அடிக்கும். மானிட்டரும் தன் பங்குக்குக் கத்தும். ஆனால் பத்திலிருந்து பதின்மூன்று வரை நான்கும் தனி அறைகள். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. அங்கே சர்வர் மணி அடித்தால்தான் உண்டு.

போன வருடம் புதிய சர்வர் வந்தது. அறுபத்து நான்கு பிட் செயலி, அதாவது பிராசஸர். அதன் மேல் கர்னலை நிறுவ வேண்டும். கர்னல் என்றால் மேஸ்திரி மாதிரி. செயலியையும் நினைவகத்தையும் எல்லா நிரல்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதிலும் முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று இரண்டு வகை. பழைய முப்பத்திரண்டு பிட் செயலியில் அறுபத்து நான்கை ஏற்றப் பார்த்தால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். அது நேர்மையான தவறு, அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் புதிய செயலியில் முப்பத்திரண்டை ஏற்றினால் சமர்த்தாக ஓடும். வாரக்கணக்கில் ஓடும். அந்த மேஸ்திரி தன் சொந்தக் குறிப்புகளை வைத்துக்கொள்ள ஒரு ஜிபிகூட முழுசாகக் கிடைக்காது. அந்தச் சின்ன இடம் நிரம்பியதும், வெளியே மைதானம் போல் இடம் காலியாகக் கிடந்தாலும், பயந்துபோய் ஓடுகிற நிரல்களில் பெரியதாகப் பார்த்து ஒன்றைக் கொன்றுவிடும். எங்கள் சர்வரில் பெரியது அலாரம் நிரல். மணி நின்றுபோகும். சிஸ்டர் மேஜைத் திரை மட்டும் கடைசியாக வந்த எண்களைக் காட்டிக்கொண்டே பச்சையாக நிற்கும்.

பழைய சர்வரின் முப்பத்திரண்டு பிட் டிஸ்க் என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

இரண்டாவது தவறு, ‘துறைத் தலைவரின் கவனக்குறைவு’ என்பது. துறைத் தலைவர் என்று நீங்கள் எழுதியிருப்பது என் மச்சானை. என் மனைவியின் தம்பி. பத்தொன்பது வருடமாக நான் இருக்கும் துறைக்கு, விண்ணப்பப் படிவம் வாங்கிக் கொடுத்து அவனைக் கொண்டு வந்தது நான்தான். ஆறே வருடத்தில் அவன் தலைவர். எனக்கு வருத்தமில்லை. கெட்டிக்காரன், பேசத் தெரிந்தவன். அந்த வாரம் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஒருவர் கேலி செய்தார். “இனிமே மாப்பிள்ளைக்கு ஒரு நாள் லீவு வேணும்னாலும் என் வீட்டுப் பையன்கிட்டதான் கையைக் கட்டி நிக்கணும்.” எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன்.

நிறுவிய அன்று அவனுக்கு மீட்டிங். எங்கள் விதிப்படி, நிறுவுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர். சரிபார்ப்பவர் தானே சர்வர் முன்னால் உட்கார்ந்து ஒரு வரி கட்டளை அடித்து, கர்னல் செயலிக்குப் பொருந்துகிறதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஐந்து விநாடி வேலை. படிவத்தை நீட்டினேன்.

“நீயே ஒரு தடவை பார்த்துடு,” என்றேன். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் சொன்னேன்.

“அத்தான், நீங்க போட்டதை நான் செக் பண்றதா? அக்காவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவா,” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

வேறு யார் நிறுவியிருந்தாலும் அவன் பார்த்திருப்பான். அந்த விஷயத்தில் அவன் கறார். எனக்காகத்தான் பார்க்கவில்லை. எனக்காக அவன் விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது.

முதல் தடவை சர்வர் ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தது. வார்டில் அன்று ஆள் கூடுதல். யாருக்கும் தெரியவில்லை. நான்கு நிமிடத்தில் நான் மறுபடி ஓட வைத்தேன். பதிவுகளை அழித்துவிட்டு, டைரியில் ஓர் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன். இருபத்திரண்டு. இருபத்தொரு நோயாளிகள் வரை தாங்கும். இருபத்திரண்டாவது மானிட்டர் சேர்ந்தால் சில மணி நேரத்தில் விழுந்துவிடும். டைரி இதோ இருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் பெயர் கெட வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். பெரிய டாக்டர்கள் முன்னால் அவன் திருதிருவென்று விழிக்க வேண்டும், நான் போய் ஐந்தே நிமிடத்தில் காரணத்தைச் சொல்ல வேண்டும். உயிர்ச்சேதம் என் திட்டத்தில் இல்லை.

மச்சான் ஓடி வந்த அன்று திரையின் மூலையில் கடிகாரம் பதினொன்று பத்தில் நின்றிருந்தது. அவன் அதைக் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எழுபத்திரண்டு என்றது பொய்யும் இல்லை. திரையில் அதுதான் இருந்தது. நாலு மட்டும்தான் என்று சொன்னது பொய். அதை ஒப்புக்கொள்கிறேன். பதினொன்று முப்பத்து நான்குக்கு மருந்து கொடுக்க சிஸ்டர் பதினொன்றாம் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே மானிட்டர் இருபது நிமிடமாகக் கத்திக்கொண்டிருந்தது என்று அதன் பதிவு சொல்கிறது. சிஸ்டர் போட்ட சத்தம் கீழே எனக்கே கேட்டது.

அறிக்கையில் அவரை ‘நோயாளி’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் இதுவரை அப்படியே விட்டுவிட்டேன்.

மச்சான் இப்போது யாரிடமும் பேசுவதில்லை. நான்காம் படுக்கைக்கு மானிட்டர் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பதினொன்றாம் அறையை எட்டிப் பார்த்திருக்கலாமே என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நடுவில் எட்டு அடிதான். அவனுக்கு வேலை போய்விடும், வழக்கும் வரும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த ‘கவனக்குறைவு’ என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். பத்தொன்பது வருடத்தில் நான் இவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறில்லை. அதன் மேல் அவன் பெயரையும் போட்டு, கவனக்குறைவு என்றும் எழுதினால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அன்று காலை வார்டில் இருபத்தொரு பேர் இருந்தார்கள்.

ஏழு மணிக்கு வீட்டில் மாமனார் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சானுக்கு அப்பா, என் மனைவிக்கும் அப்பா. சாப்பாட்டு வேளையில் லீவு பற்றிக் கேலி செய்தவரும் அவர்தான். “வாயுவா இருக்கும், விடுங்க மாப்பிள்ளை,” என்றார். நான் விடவில்லை. காரில் ஏற்றி வந்து, நானே கையெழுத்துப் போட்டு, சிபாரிசு பிடித்துத் தனி அறையில் சேர்த்தேன். சொந்த மகன்கூட இப்படித் தாங்க மாட்டான் என்று என் மனைவி போனில் அழுதாள். மானிட்டரை மாட்டினார்கள். எழுபத்திரண்டு காட்டியது.

கிளம்பும்போது கூப்பிட்டார்.

“கதவு திறந்தே இருக்கட்டும் மாப்பிள்ளை. ஆள் நடமாட்டம் தெரிஞ்சா தைரியமா இருக்கும்.”

“சத்தமா இருக்கும் மாமா. நீங்க தூங்குங்க,” என்றேன்.

மெதுவாகத்தான் சாத்தினேன். தாழ் சரியாகப் பொருந்தியதா என்று ஒருமுறை தள்ளியும் பார்த்துக்கொண்டேன்.