காலி அறையில் நகர்ந்த பெட்டிகள்

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசிப் பக்கம் ஒருவருக்கும் வேலையில் மனம் நிற்காது. குறையாகச் சொல்லவில்லை சார். உங்கள் ஸ்டேஷனிலேயே பாதி நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது.

என் பெயர் சாம். இலத்தூர் ரோட்டில் ஏசுதாசன் முதலாளியின் பழக் கம்பெனியில் சிஸ்டம் மேனேஜர். பலாச்சுளையை மைனஸ் இருபது டிகிரியில் உறையவைத்து வளைகுடாவுக்கு அனுப்புகிறோம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு டேக். குளிர் அறையில் வேலை செய்யும் பெண்கள் பதினொரு பேர் கழுத்திலும் ஆளுக்கொரு டேக். வாசலிலும் குளிர் அறைக்குள்ளும் இருக்கிற ரீடர்கள் ரேடியோ அலையால் அவற்றைப் படித்து என் திரைக்கு அனுப்பும்.

ஒரு டேக் வெளியே போவது சின்ன நிகழ்வு. பதினொரு டேக்கும் வெளியே போய், அதன்பின் பத்து நிமிஷம் கதவும் அசையாமல் இருந்தால், எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய நிகழ்வு: வேலை முடிந்தது. உடனே விளக்கு அணையும், கதவு பூட்டிக்கொள்ளும். இந்த விதியை எழுதியவன் நான். முதலாளி இதற்காகக் குற்றாலத்தில் ஹோட்டல் பிடித்து விழா எடுத்தார். "மனுசன் பார்த்தா அது கண்ணு, சிஸ்டம் பார்த்தா அது ஞானம்" என்று பேசினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது. எல்லோரும் கைதட்டினார்கள், நான் சற்று பலமாகவே தட்டினேன்.

அறைக்குள்ளிருந்து தள்ளித் திறக்க ஒரு கைப்பிடி இருந்தது. பெண்கள் குளிர் தாங்காமல் அடிக்கடி அதைத் தள்ளி வெளியே வந்தார்கள். கணக்கில்லாமல் கதவு திறந்தால் தகவல் கெட்டுவிடும். கழற்றச் சொன்னேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதும் என் விதிதான்.

டேக் விஷயத்தில் அவர்களுக்கு ஒரு பழக்கம். ஐந்தரை மணி பஸ் யாருக்கும் காத்திருக்காது. அதனால் சைதூன் பீவி என்பவர் பதினொரு டேக்கையும் கொத்தாக வாங்கி வாசல் ரீடரில் காட்டிவிட்டு, வாட்ச்மேன் அறை ஆணியில் மாட்டிவிடுவார். டேக் ஆணியில் தொங்கும், ஆட்கள் பஸ்ஸில் தொங்குவார்கள். எனக்குத் தெரியும். திரையில் நூற்றுக்கு நூறு ஒழுங்கு காட்டியது. நான் ஏன் கேட்கப்போகிறேன்?

அன்றைக்கு நூறாவது நாள். நூறு நாள் மனிதக் கை படாமல் கதவு இயங்கியிருந்தால், துபாயிலிருந்து வந்திருந்த அப்துல் ஜப்பார் பாய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். புளியங்குடியில் இன்னொரு கிளை வரும். அதற்கு நான் தலைவர். ஏழரைக்கு அவர் தன் விருந்தினர் டேக்கைக் காட்டுவார், கதவு தானாகத் திறக்கும். அந்த டேக் வெள்ளித் தட்டில், சால்வை மேல் தயாராக இருந்தது.

காலையில் அந்தப் பெண்களில் ஒருத்தியான முத்துசெல்வியைத் திட்டியிருந்தேன். 412ஆம் பெட்டி திரையில் தெரியவில்லை. டேக் மேல் பனி படர்ந்தால் ரீடர் படிக்காது. பெட்டியைத் திருப்பி வைக்கவேண்டும். டேக்கைச் சைதூன் பீவியிடம் கொடுத்துவிட்டு, குளிர்சட்டையைக்கூட மாட்டாமல், அதைச் சரிசெய்ய ஓடியிருக்கிறாள். ஐந்து நாற்பதுக்குக் கதவு பூட்டியது. ஐந்து நாற்பத்தாறுக்கு 412 திரையில் வந்தது. பொறுப்பான பெண்தான்.

வாட்ச்மேன் சிவசைலம் வந்தார்.

"சார், முத்துசெல்வி பஸ்ஸுக்கு வரலையே. உள்ள மாட்டிக்கிட்டாளோ?"

"அவ டேக் எங்கவே?"

"ஆணில தொங்குது."

"அப்ப அவ வெளிய போயிட்டா."

"ஆணிதான் சார் வெளிய இருக்கு. அவளைக் காணோம். கதவை ஒருக்கா கையால தொறந்து பாத்துருவோமே."

"நூறாவது நாளு ஓய். நீரு போயி ஜப்பார் பாய்க்கு மாலை வாங்கிட்டு வாரும்."

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரோசாவா, சம்மங்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சம்பளம் வாங்குகிறவர்.

அதன்பிறகு திரையில் சிவப்பு எழுத்து: காலி அறையில் பெட்டி அசைவு. ரீடர் படிப்பது என் கண்ணுக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். ஒரே பெட்டியை ரீடர் முன்னால் கொண்டுவருகிறாள், விலக்குகிறாள். மூன்று தடவை, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தடவை.

ஜப்பார் பாய் வரும் நேரத்தில் திரை சிவப்பாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? நான்கு வரியில் புது விதி எழுதினேன்: ஆள் இல்லாத அறையில் அசைவு வந்தால் அது கோளாறு, திரையில் காட்டவேண்டாம். திரை பளிச்சென்று ஆனது.

ஏழரைக்கு ஜப்பார் பாய் டேக்கைக் காட்டினார். கதவு தானாகத் திறந்தது. ரீடருக்குக் கீழே பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தாள். பாய் சால்வையை எடுத்து அவள் முகமும் மூடும்படி போர்த்தினார். கையெழுத்துப் போடவில்லை.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏலே சாம், மெசின் கோளாறுன்னு சொல்லிரு. பொழச்சுக்கிடுவ." நீங்களும் என் வாக்குமூலத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனது சார் உங்களுக்கு. ஆனால் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

திரையில் காட்டவேண்டாம் என்றுதான் சொன்னேன்; பதிவதை நிறுத்தவில்லை. பதிவேட்டை இன்னொரு கணினியில் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். முப்பத்தாறு தடவை. கடைசி மூன்றுக்கும் நடுவே நேரம் கூடிக்கொண்டே போனது. ஆறு ஐம்பத்தொன்றுக்குப் பிறகு எதுவும் இல்லை. உள்ளே இருப்பது யார் என்று முதல் மூன்றிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைத் திறக்க இருபது அடி நடக்கவேண்டும். நான் நடக்கவில்லை.

ஆகையால் 'இயந்திரக் கோளாறு' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். என் சிஸ்டம் ஒரு தப்பும் செய்யவில்லை.