மூலை வட்டமா, சதுரமா

— ஏனம்மணி ஜாஹிதா, கம்ப்யூட்டருக்கு ஏசியெல்லாம் போட்டு ஒக்கார வெச்சிருக்கீங்க, இன்னுமா யோசிக்குது?

— கணக்கு முடிஞ்சுதுங்க நஞ்சப்பன் சார். உக்காருங்க.

— எங்கீங்க உக்கார்றது? கரண்டு கொறஞ்சா என்ற மோட்டாரு சுத்தாம உம்முனு மொனகிட்டே கெடக்குதாம். கோபிப் பக்கம் ஒரு விவசாயி, கெணத்துல இருந்து கழட்டிக் கொண்டாந்து, கணபதில இருக்கற என்ற கம்பெனி வாசல்லயே எறக்கிப்போட்டுப் போய்ட்டாரு.

— அதுக்குத்தானுங்க இந்தக் கணக்கு. மோட்டாருக்குள்ள காந்தம் எப்படிப் பாயுது, எந்த அளவ மாத்துனா கெளம்புற இழுவை கூடும்னு சொல்லிரும்.

— ஒவ்வொரு அளவா மாத்திப் பாத்தா, ஒண்ணொண்ணுக்கும் ஒரு நாளாகும்னீங்க. தீவாளியே வந்துரும்னு நெனச்சேன்.

— அப்படிப் போடலீங்க. ஒருக்கா நேராப் போட்டேன், ஒருக்கா தலைகீழாப் போட்டேன்.

— கம்ப்யூட்டரயா?

— கணக்கைங்க! ஒவ்வொரு அளவையும் கூப்புட்டு, நீ மாறுனா இழுவை என்னாகும்னு கேக்கல. இழுவைகிட்டயே போயி, உன்னய மாத்துறது யாரு யாருன்னு ஒரே கேள்வி. மொத்தமாச் சொல்லிருச்சு.

— அட! ஊட்டுச் சண்டைல ஆளாளுக்கு விசாரிக்காம, கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளையவே கேட்டாப்புல.

— அதேதானுங்க.

— செரி, யாராம்?

— உள்ள சுத்தற ரோட்டர்ல இருக்கற அலுமினியக் கம்பியோட அகலமுங்க. சித்த ஒடுக்குனாப் போதும், கொறஞ்ச கரண்டுலயும் கெளம்பிரும்.

— அவ்வளவுதானா! நாளைக்கே அச்ச மாத்திப்போடறேன். அப்பறம்... அந்தக் கம்பி ஒக்கார்ற குழியோட மூலை, வட்டமா வெச்சிருக்கேனே, அது எவ்வளவு ஒதவுது?

— பூஜ்ஜியமுங்க. வட்டமோ சதுரமோ, இழுவை அதைச் சட்டையே பண்றதில்ல.

— பூஜ்ஜியமா? இன்னொருக்கா நல்லாப் பாருங்கம்மணி.

— பாத்துட்டேனுங்க. ஏனுங்க சார்?

— அம்மணி, அந்த மூலைக்குத்தான் நானும் என்ற மச்சான் ஈஸ்வரமூர்த்தியும் கம்பெனியப் பிரிச்சோம். நான் வட்டம்னேன், அவன் சதுரம்னான். என்ற புள்ளைக்குத் தாய்மாமன் சீரில்லாமயே கல்யாணம் நடந்துச்சு.

— ஐயோ! இப்பவே போன் போட்டுச் சொல்லிருங்க சார்.

— பூஜ்ஜியம்னு சொன்னா ரெண்டு பேருக்குமே அசிங்கம். நீங்களே பேசுங்கம்மணி. வட்டம் ஒரு நூலளவு தேவலைன்னு மட்டும் சொல்லிருங்க. அப்பறம் நான் பெருந்தன்மையாப் போயிக் கையப் புடிச்சுக்கறேன்.

— முடியாதுங்க சார்.

— ஏன், பொய் சொல்ல மாட்டீங்களாக்கும்?

— அதில்லீங்க. சதுரந்தான் நூலளவு தேவலைன்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்லிப்போட்டு, அவரு காலைல இருந்து பக்கத்து ரூம்ல உக்காந்திருக்காருங்க.